தண்ணி எங்கே போகும்?

வீட்டுக்குள் குளியலறை கட்டும்வரை, அம்மா வீட்டில் குளிக்கப் போக வேண்டுமென்றால் 11 படி இறங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, தார்ச்சாலைக்கு 40 படி கீழே வீடு. அதற்கும் கீழே, பள்ளத்துப் பக்கம், தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகை. ஒரு பாதி கக்கூஸ், மறு பாதி குளிக்கிற இடம், வாசலில் வெந்நீர் அடுப்பு. அப்பா 1986-ல் தன் கையாலேயே கட்டியது. அப்போது அதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே வந்ததாக அம்மா சொல்வாள். தனி வீட்டுக்குத் தனிக் கக்கூஸ் என்பது அன்றைக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். 1964-ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்கள் தாத்தா குடும்பமும் ஒன்று. 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அப்புறம் நீலகிரி. அம்மாவுக்குக் குளிப்பது என்றால் பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தகரத்திலோ மூங்கிலிலோ வாங்கிக் கொட்ட விடுவார்களே, அது. கக்கூஸ் என்றால் லயத்தின் கடைசியில், அதற்கும் அப்பால். சோறு பொங்குகிற கூரைக்குக் கீழே அந்தக் காரியம் நடக்கும் என்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அப்பா கொட்டகையைக் கீழே தள்ளிக் கட்டியதற்கு இடமில்லாதது காரணமல்ல, அம்மாதான் காரணம்.

இராத்திரியில் போவதென்றால் ஒரு சடங்கு உண்டு. கதவைத் திறப்பதற்கு முன் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் நாலு தட்டு. கீழே காட்டெருமை நின்றால் நகர்ந்துகொள்ளட்டும் என்று. எங்கள் பக்கம் காட்டெருமை தெருநாய் மாதிரிதான் நடமாடுகிறது. கரடியும் வரும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டு தட்டிவிட்டு, அப்புறம் இறங்க வேண்டும். எழுபதைத் தாண்டிய மனுஷி இதை ஒரு இரவில் இரண்டு தடவை செய்துகொண்டிருந்தாள்.

ஆனால் அவளைத் தள்ளியது காட்டெருமை இல்லை, பாசி. போன ஐப்பசியில், விடாமல் மழை பெய்த நாலாவது நாள், ஏழாவது படியில் கால் வழுக்கியது. கையை ஊன்றிவிட்டாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் நான் லீவு போட்டு உட்கார்ந்து யோசித்ததன் விளைவுதான் இந்தக் குளியலறை.

என்னைப் பற்றி ஒரு வரி. கோவையில் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அதனால் எதையும் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். மேஸ்திரி முதல்முறை வந்தபோது என் கையில் எட்டுப் பக்கத் திட்டம் இருந்தது. கண்ணாடித் தடுப்பு, சுவரில் தொங்கும் கம்மோடு, மழை மாதிரிக் கொட்டும் ஷவர், நாலுக்கு இரண்டு அடி சாம்பல் நிற டைல்ஸ். எல்லாம் கோவைக் கடைகளில் பார்த்துப் பார்த்துக் குறித்தது. அவர் நோட்டை வாங்கவே இல்லை. பின்வாசலில் போய் நின்றார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டுக் கூரை தெரிந்தது.

"தண்ணி எங்கீங்க போகும், டீச்சர்?"

என் எட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. சமவெளியில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. தெருவில் சாக்கடை இருக்கும், அல்லது வீட்டுக்கடியிலேயே தொட்டி இருக்கும். மலையில் நம் குளியலறையின் தரை இன்னொருவரின் கூரைக்கு மேலே இருக்கிறது. நாம் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் யாரோ ஒருவரை நோக்கித்தான் இறங்குகிறது.

இதை எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். கீழ்வீட்டு அண்ணன். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில், எங்கள் பக்கம் பார்த்த இடத்தில், பச்சையாக ஒரு படை இருக்கிறது. "உங்க குழித் தண்ணிதாங்க" என்று அவர் சொல்ல, "மழை ஈரமப்பா" என்று அப்பா சொல்ல, பல வருஷமாக அது அப்படியே நின்றுவிட்டது. அப்பா இறந்து, பேச்சும் நின்றுபோயிற்று. இந்த மார்ச் மாதம், மூன்று வாரம் ஒரு சொட்டு மழை இல்லாத நேரத்தில், நான் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. அப்பா தோண்டியது அடியில் பூசாத வெறும் குழி. உள்ளே போவது மண்ணுக்குள் இறங்கிக் கீழே போகும் என்பதுதான் அதன் தத்துவம். கீழே அண்ணன் வீடு.

மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவதைப் பற்றி நீலகிரியில் யாரும் லேசாகப் பேச மாட்டார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். சரிவில் இருக்கும் மண் தண்ணீரைக் குடித்தால் கனம் கூடுகிறது, துகளுக்குத் துகள் இருக்கும் பிடி தளர்கிறது. மழை செய்வதை நம் குழி வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வருஷம் எங்கள் 11 படியில் மூன்று படி ஒரு சாண் இறங்கியது. அப்பா சிமெண்டு பூசி மட்டம் செய்துவிட்டார். அம்மா வழுக்கி விழுந்தது அந்த மூன்றில் ஒன்றில்.

சரி, குளியலறையை எங்கே வைப்பது? என் தம்பி ஃபோனிலேயே முடிவு செய்துவிட்டான். மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டினால் தாராளமாகப் பத்துக்குப் பத்து கிடைக்குமாம். ஜேசிபி வைத்தால் ஒரு நாள் வேலையாம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது என்பதை அவன் மறந்துவிட்டான். பெங்களூரில் இருந்தால் மறந்துதான் போகும். அனுமதி கிடைத்தாலும் நான் வெட்டியிருக்க மாட்டேன். சரிவின் அடிக்காலை வெட்டுவது என்பது அடுக்கிவைத்த மூட்டைகளில் அடி மூட்டையை உருவுவது. அப்படி வெட்டினால் தடுப்புச்சுவர் கட்ட வேண்டும், அதில் ஊற்றுத் தண்ணீர் வெளியேறத் துளை விட வேண்டும், அந்தத் தண்ணீர் புதுக் குளியலறையின் முதுகில் வந்து நிற்கும்.

பள்ளத்துப் பக்கம் நீட்டலாம் என்றது நான். அங்கே இருப்பது அப்பா கொட்டி மேடாக்கிய மண். கொட்டின மண் எத்தனை வருஷமானாலும் கொஞ்சம் இறங்கும் என்றார் மேஸ்திரி. பழைய வீடு கல் அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்க, புது அறை மட்டும் அரை அங்குலம் இறங்கினால், இரண்டும் சேருகிற இடத்தில் விரிசல். அந்த விரிசலுக்குள் குளியலறைத் தண்ணீர். எங்கள் ஊரில் புதிதாக ஒட்டவைத்த அறைகளைப் போய்ப் பாருங்கள், பாதிக்கு மேல் அந்த மூலையில் தார்ப்பட்டை ஒட்டியிருக்கும்.

ஆக, நீட்டவே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. படுக்கையறைக்கு ஒட்டிய சாமான் அறையில் ஐந்துக்கு எட்டு அடி. அதில் இருந்தது அரிசி டிரம், உருளைக்கிழங்கு மூட்டை, இலங்கையிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி. பெட்டியை நகர்த்தத்தான் இரண்டு நாள் ஆயிற்று. கனம் ஒன்றும் இல்லை. உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கதை சொல்லிவிட்டுத்தான் நகர்த்தவிட்டாள்.

அம்மாவின் எதிர்ப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. "வீட்டுக்குள்ளாறயே கக்கூசா? அடுப்பு இருக்கிற வீட்டுல?" இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கோவையில் என் வீட்டில் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். நான் அதை அசிங்கம் என்று நினைத்ததே இல்லை. ஆனால் அவள் நினைப்பது முட்டாள்தனம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில், பொதுக் கக்கூஸை வைத்துக்கொண்டு, வீட்டைச் சுத்தமாக வைத்திருந்த பெண்களின் விதி அது. கடைசியில் ஒரு பேரம் நடந்தது. கதவு சமையலறைப் பக்கம் திறக்கக் கூடாது, படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். நடுச்சுவர் கூரை வரை எழும்ப வேண்டும். பழைய கொட்டகையை இடிக்கக் கூடாது. மூன்றுக்கும் சம்மதித்தேன்.

இரண்டாவது சண்டை, உட்காருவதா குந்துவதா என்பது. அவளுக்கு இந்தியன் டாய்லெட்தான் வேண்டும். முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. மணிக்கட்டு வீங்கி இருந்ததால் மட்டுமே அந்தச் சண்டையில் ஜெயித்தேன். குந்தினால் எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டுமே.

இனி மண்ணுக்குள். இதில்தான் செலவில் பாதிக்கு மேல் போனது. வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது.

வீட்டுத் தரையை உடைக்காமல் கழிவுநீர் வெளியேற வேண்டும் என்பதால், தரைக்குள் இறங்கும் எஸ் டிராப் கம்மோடு வேண்டாம், சுவரில் வெளியேறும் பி டிராப் எடுத்தோம். அதன் முதுகு பள்ளத்துப் பக்கச் சுவரில். வெளியே நாலு அங்குலக் குழாய், வாட்டம் 40-க்கு 1. அதாவது பத்தடி ஓட்டத்துக்கு மூன்று அங்குலம் இறக்கம். சரிவு இருக்கிறதே, அப்படியே மலையோடு சரித்துவிட்டால் வேகமாகப் போகுமே என்று கேட்டேன். வேகமாகப் போவது தண்ணீர் மட்டும்தானாம். தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிட்டால் மற்றது குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். "ஓடவும் கூடாதுங்க, நிக்கவும் கூடாது. நடக்கணும்." அதனால் சரிவு அதிகமான இடத்தில் ஒரு சேம்பர் கட்டி, அதற்குள் செங்குத்தாக இறக்கி, மறுபடியும் மெதுவாக நடக்கவிட்டார்.

செப்டிக் தொட்டிக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு அளவு இருக்கிறது. ஐந்து பேர் புழங்கும் வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம், அதற்கு மேல் ஒரு அடி வெற்றிடம். எங்கள் வீட்டில் அம்மாவும் எப்போதாவது வரும் நாங்களும்தான். ஆனாலும் குறைக்கவில்லை. குளிரில் தொட்டிக்குள் நடக்கும் சிதைவு மெதுவாகத்தான் நடக்கும், இடம் கொஞ்சம் தாராளமாக இருப்பதே நல்லது. அடியும் பக்கமும் நீர்க்காப்புப் பூச்சு. தொட்டி இருக்கும் இடத்தை நான் முடிவு செய்யவில்லை, கழிவுநீர் லாரி முடிவு செய்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சேற்றை உறிஞ்ச வேண்டும். லாரி சாலையில்தான் நிற்கும். அதன் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இல்லையென்றால் யாரையாவது உள்ளே இறக்கத்தான் தோன்றும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது கொலைதான். கயிற்றால் அளந்து பார்த்து, படிக்கட்டை ஒட்டி, வீட்டின் பக்கவாட்டில் வைத்தோம்.

எல்லாம் சரி, தொட்டியிலிருந்து தெளிந்து வழியும் தண்ணீர்? மேஸ்திரியின் கேள்வி அப்படியே நின்றது. உறிஞ்சுகுழி வெட்டினால் மறுபடியும் அண்ணன் சுவர். மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நாலாவது நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்.

"கான் வெட்டச் சொல்லு புள்ள. மேலருந்து கீழ வெட்டாத. குறுக்கால வெட்டு."

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கான் தெரியும். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு நேராக இறங்காமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே, கிட்டத்தட்ட மட்டமாக வெட்டும் வாய்க்கால். அம்மா வாழ்நாளெல்லாம் அந்தக் கான்களைத் தாண்டித்தான் கொழுந்து பறித்தாள். எங்கள் மனையின் கிழக்கு ஓரத்தில் முப்பது நாற்பது தேயிலைச் செடி இருக்கிறது. அதற்கு நேர் கீழே வீடு எதுவும் இல்லை, இன்னொருவரின் தேயிலைதான். அந்தச் செடிகளுக்கு நடுவே, மலையின் மட்டத்தோடு, 20 அடி நீளத்துக்கு ஆழமில்லாத கான். அதில் ஜல்லி, ஜல்லிக்குள் துளையிட்ட குழாய், மேலே மண் மூடல். ஒரே இடத்தில் மொத்தமாக இறங்காமல் நீளவாக்கில் பரவி, வேர்கள் குடித்தது போகத்தான் மிச்சம். இதற்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது, நான் பிறகு படித்தேன். மேஸ்திரி அம்மாவைப் பார்த்து, "அம்மாவே சொல்லிட்டாங்கல்ல" என்று மண்வெட்டியை எடுத்தார்.

குளித்த தண்ணீரைத் தொட்டிக்குள் விடவில்லை. சோப்பும் அவ்வளவு தண்ணீரும் தொட்டிக்கு நல்லதல்ல. அது தனிக் குழாயில் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. கூரைத் தண்ணீர் இவை எதிலும் சேராமல், பழைய வாய்க்காலில் விழுகிறது. மூன்று தண்ணீருக்கும் மூன்று வழி. அண்ணன் சுவர் இன்னும் முழுசாகக் காயவில்லை. இத்தனை வருஷம் குடித்தது ஒரு கோடையில் வற்றுமா என்ன.

வேலை தொடங்கும் முன் ஒரு படம் வரைந்து உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துக் கேட்டுக்கொண்டோம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது வெந்நீர். இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், என் பாடம் என்பதால்.

கோவை வீட்டில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கிறது. 3 கிலோவாட். குழாயைத் திறந்தால் சூடாக வருகிறது. அதையே இங்கேயும் மாட்டலாம் என்று பிளம்பர் சொன்னார். ஜனவரியில் ஒரு காலை ஆறு மணிக்குச் சின்டெக்ஸ் தொட்டியில் பள்ளிக்கூடத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 11 டிகிரி. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரை 3 கிலோவாட்டால் சுமார் 14 டிகிரிதான் ஏற்ற முடியும். கோவையில் 28 டிகிரித் தண்ணீர் 42 ஆகிறது, சுகமான குளியல். இங்கே 11 டிகிரி 25 ஆகும். கோவைக் குழாயில் வரும் பச்சைத் தண்ணீரைவிட அது குளிர்ச்சி!

சரி, தொட்டி வைத்த கீசர். 15 லிட்டர் போதுமே, ஒரு ஆளுக்கு? அதிலும் மலை ஏமாற்றும். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 40 டிகிரிக்கு விளாவினால், கோவையில் 25 லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்க்கலாம், மொத்தம் 40 லிட்டர் கிடைக்கும். இங்கே பச்சைத் தண்ணீர் 11 டிகிரி என்பதால் 10 லிட்டர் சேர்த்ததுமே ஆறிவிடும். மொத்தம் 25 லிட்டர், அதாவது ஒரு வாளியும் சொச்சமும். ஆகவே 25 லிட்டர் கீசர். அதிலிருந்து 42 லிட்டர் வரும்.

அதற்கும் மேலே மின்னழுத்தம். சாயங்காலம் எங்கள் பக்கம் 180 வோல்ட்டுக்கு இறங்கும். 230-ல் 2 கிலோவாட் தரும் கம்பி 180-ல் 1.2 கிலோவாட்தான் தரும். அழுத்தத்தின் வர்க்கத்தில் குறைகிறது, பத்தாம் வகுப்புக் கணக்கு. 25 லிட்டரை 60-க்குக் கொண்டுவர நல்ல கரண்டில் முக்கால் மணி நேரம், 180 வோல்ட்டில் ஒன்றேகால் மணி நேரம் கிட்டத்தட்ட. அதனால் அம்மாவுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானம் கரண்டு நன்றாக இருக்கும்போது போட்டு, சூடானதும் அணைத்துவிட வேண்டும். தொட்டியைச் சுற்றிப் பஞ்சுமாதிரி அடைத்திருப்பதால் சாயங்காலம் வரை சூடு நிற்கும். பழைய வயரிங் விளக்குகளுக்குப் போட்டது. கீசருக்கு மீட்டரிலிருந்து தனி வயர், 16 ஆம்பியர் சுவிட்ச், ஒழுங்கான எர்த், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பிரேக்கர். இதில் ஒன்றில்கூடப் பேரம் பேசவில்லை.

கேஸ் கீசர் மலிவு, கரண்டும் வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். குளிருக்கு எல்லாச் சன்னலையும் அடைத்துக்கொள்கிற ஊரில் அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அடைத்த அறையில் காற்று போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை. கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்களின் செய்தி மலை ஊர்களுக்குப் புதிதல்ல. சூரியத் தகட்டைப் பற்றியும் யோசித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சரிவில் வெயில் விழுகிற நேரத்தை எண்ணிவிட்டு நோட்டை மூடினேன்.

கைப்பிடிகள்தான் நான் எதிர்பார்க்காத இடத்தில் வேலை வாங்கியவை. கம்மோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. வாங்கி வந்து, துளை போட்டு, மாட்டி, நான் ஒரு இழு இழுத்தேன். கையோடு வந்துவிட்டது, அரைக்கூடை மண்ணும் கூடவே. பழைய சுவர் கல்லும் மண்சாந்தும். சிமெண்டு பூச்சு வெளியில்தான். அந்தச் சுவரில் அம்மா தன் முழுப் பாரத்தையும் போட்டிருந்தால்? அதனால் அறையின் அமைப்பையே திருப்பினோம். புதிதாக எழுப்பும் நடுச்சுவரைச் சிமெண்டு கல்லில் கட்டி, கைப்பிடி வரும் உயரத்தில் கான்கிரீட் பட்டை ஒன்று வார்த்து, அதில் போல்ட்டைப் பதித்தார்கள். அம்மாவின் நல்ல கை வலது கை, ஆகவே உட்கார்ந்தால் நடுச்சுவர் வலப்பக்கம் வர வேண்டும். எட்டுப் பக்கத் திட்டத்தில் கம்மோடு இருந்த இடம் நேர் எதிர் மூலை.

மண்சாந்துச் சுவரைக் குடைந்து குழாய் பதிக்கவும் மேஸ்திரி விடவில்லை. குழாயெல்லாம் சுவருக்கு வெளியே கிளாம்பில் ஓடுகிறது. பார்க்க அழகில்லைதான். கசிந்தால் அன்றைக்கே தெரியும், அது போதும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கலாம். வாசற்படி கிடையாது. மட்ட வித்தியாசம் அரை அங்குலம்தான், மீதியைத் தரையின் வாட்டம் பார்த்துக்கொள்கிறது. டைல்ஸ் ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பு. பெரிய டைல்ஸில் வாட்டம் எடுப்பது கஷ்டம், இடுக்குகள் குறைவு என்பதால் ஈரக்காலுக்குப் பிடிப்பும் குறைவு. என் சாம்பல் நிறக் கனவு அங்கே முடிந்தது. கடையில் காய்ந்த காலில் நடந்து பார்த்து வாங்காதீர்கள். ஒரு துண்டு வாங்கி வந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலில் நின்று பாருங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் தரையில் நீர்க்காப்புப் பூசி, வடிகாலை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்தோம். மட்டம் குறையவில்லை என்று பென்சில் கோடு போட்டு உறுதி செய்தபிறகுதான் அடுத்த வேலை.

வேலை மார்ச்சில் தொடங்கி மே மாதத்தில் முடிந்தது. மார்கழி, தை இரவுக் குளிரில் சிமெண்டு இறுக நேரமாகும், ஐப்பசி மழையில் மூட்டையே இறுகிவிடும். இடையில் நல்ல வெயில் கிடைப்பது அந்த மூன்று மாதம்தான், அதனால் ஊரில் எல்லோரும் அப்போதுதான் கட்டுவார்கள், ஆளும் கிடைக்காது. எம்-சாண்டும் கல்லும் சாலையில் இறங்கும். அங்கிருந்து 40 படி தலைச்சுமை. லாரி வாடகையைவிடச் சுமைக்கூலி கூட. 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேறு. மேலே பிறந்து வளர்ந்தவள், என் வண்டி எண் மட்டும் கோவை என்பதால், அம்மா வீட்டுக்குப் போகவே ஒவ்வொரு முறையும் பதிவு செய்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லி அண்ணன் இன்னும் சிரிக்கிறார். ஆமாம், இப்போது பேசுகிறோம்.

ஷவர் வைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு கல்மேடை, வாளி, சொம்பு. உட்கார்ந்து குளிக்க முக்காலி. காற்றுப்போக்கிக்கு ஒரு சின்ன விசிறி. பனிமூட்டம் உள்ளே வராமல் இருக்க, விசிறி நிற்கும்போது தானே மூடிக்கொள்ளும் மூடி வைத்தது. இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்வை.

திறந்த அன்று அம்மா உள்ளே போய் முக்கால் மணி நேரம் வரவில்லை. நான் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். கடைசியில் ஈரத்தலையோடு வந்தாள். "கதகதன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். வேறு பாராட்டு எதுவும் வரவில்லை.

ஆனால் பழைய கொட்டகை அப்படியே இருக்கிறது, பேரத்தின்படி. கழிப்பறைப் பாதியை மூடி, குழியை மண் கொட்டி நிரப்பிவிட்டோம். மறு பாதியில் கவாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, அடுக்கியிருக்கிறாள். போன சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போய் நின்றேன். வீட்டில் ஆள் இல்லை. கீழே புகை. வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, முட்டிமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். கீசர் எதற்கு இருக்கிறது என்று கேட்டதற்கு, "அது குளிக்க. இது துணி ஊற வைக்க" என்றாள். கரண்டுத் தண்ணியில் அழுக்குப் போகாதாம்.

அந்த 11 படிக்கும் இரண்டு பக்கமும் கம்பி போடச் சொல்லிவிட்டு வந்தேன். மேஸ்திரி அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.